வீட்டுக் கொட்டகையில் கார்: எந்தக் கருவியை வாங்குவது, எதை இரவல் கேட்பது

வீட்டிலேயே ஒரு கார் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றித்தான். எந்த எஞ்சின், என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பார்கள். எஞ்சின் எப்படியும் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் ஊரில் யாரிடம் என்ன கருவி இருக்கிறது, அதை எந்த மாதத்தில் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பது. வேலை நடப்பதும் நின்றுபோவதும் அதில்தான் இருக்கிறது.

நானும் என் அத்தானும் வள்ளியூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இரண்டு சீட்டு வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சட்டகம் முடிந்துவிட்டது. எஞ்சின் ஏறிவிட்டது. வண்டி தன் சக்கரத்தில் நிற்கிறது. வயரிங்கும் மேல் தகடும் பாக்கி. இதுவரை வந்த வழியில் கருவி விஷயத்தில் தெரிந்துகொண்டதை, தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இப்படிப் பாகங்களை வைத்து வீட்டில் கட்டுகிற வண்டிக்குக் கிட் கார் என்று பெயர். இது இங்கிலாந்தில் வேர்விட்ட பழக்கம். காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் ‘செவன்’ என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. அதைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். 1973-இல் அந்த வண்டியைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது; இன்றும் செய்து விற்கிறார்கள். அங்கே சட்டகமும் தகடும் பெட்டியில் வரும். நம் பக்கத்தில் கிட் என்று சொல்வதெல்லாம் ஒரு வரைபடம், அளவுக்கு வெட்டிய சதுரக் குழாய், உதிரிக்கு ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான். குழாய் 25-க்கு 25 மில்லிமீட்டர், கனம் 1.6. ஆறு மீட்டர் நீளக் குழாய் ஏழு கிலோ வரும். பழைய வண்டிக்கு நாங்கள் மாருதி ஆம்னியை எடுத்தோம். அதில் மாருதி 800-க்குப் போட்ட அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் 800-இல் எஞ்சின் குறுக்கே கிடந்து முன் சக்கரத்தை ஓட்டும். ஆம்னியில் நெடுக்கே கிடந்து, கியர் பாக்ஸ் பின்னால் வந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு வழியாகப் பின் ஆக்ஸிலை ஓட்டும். செவன் மாதிரியான வண்டிக்கு இந்த அமைப்புதான் வேண்டும்.

கருவிக்குப் போகும் முன் ஒரு முக்கியமான விஷயம். இப்படிக் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட நம்பர் கிடைக்காது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆம் விதிப்படி, மாதிரி வண்டியைப் புனேயில் உள்ள அராய் போன்ற நிலையத்தில் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அது கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய ஏற்பாடு. ஒற்றை வண்டிக்காக ஒரு தனியாள் தாங்குகிற செலவு இல்லை. எங்கள் வண்டி எங்கள் செம்மண் தோட்டத்துக்குள் ஓடத்தான். இன்னொன்று, உதிரிக்காகப் பிரிக்கிற பழைய வண்டியின் பதிவை ரத்து செய்ய வேண்டும். வண்டி இனி ஓடாது என்றானால் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியைக் கொடுத்துவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய இரும்பு விலைக்குத்தானே வாங்கினோம் என்று இதை விட்டுவிடக் கூடாது.

சரி, கருவி.

வாங்குவதா, இரவலா என்று இரண்டாகப் பிரித்துத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். விலை அதிகமானால் இரவல், குறைவானால் வாங்கு என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கருவி தினமும் கைக்கு வருமா, வேலை முழுக்க ஒரே ஒரு தடவை வருமா? இதன் சொந்தக்காரர் இன்றைக்கு இதை வைத்துத்தான் சம்பாதிக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், வாங்குவதும் இல்லாமல் இரவலும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வழி இருப்பது தெரியும். அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பஜாரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி. பேரிங் கழற்ற அவரிடம் புல்லர் கேட்டுப் போனபோது அவர் சொன்னது:

“தம்பி, சாமானைக் கேக்காதீங்க, வேலையைக் கொண்டு வாங்க. சாமான் எம் பொழப்புல்லா. வேலைன்னா சேந்து பாப்போம்.”

அன்றிலிருந்து பெரிய கருவி எதுவானாலும் முதலில் நாங்கள் யோசிப்பது, பாகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியுமா என்பதைத்தான். கருவியோடு சேர்த்து அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் கிடைக்கிறது. கூலி கொடுக்கிறோம், அவருக்கும் மனக்குறை இல்லை. சாமான் கெட்டுவிட்டதோ என்ற பயமும் நமக்கு இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் புரொப்பல்லர் ஷாஃப்ட். ஆம்னியில் எஞ்சின் இருந்த இடம் வேறு, எங்கள் சட்டகத்தில் இருக்கிற இடம் வேறு. ஆகவே ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்றியாக வேண்டும். இதற்கு லேத்து வேண்டும், சுற்றவிட்டு பேலன்ஸ் பார்க்கிற மெஷின் வேண்டும். இரண்டையும் யாரும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். லாரி ஷாஃப்ட் பார்க்கிற பட்டறைக்குத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். அங்கே வேலை செய்த பெரியவர், குழாயை வெட்டும் முன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நேர்கோடு இழுத்தார். பிறகு அதே கோட்டின் மேல் கூர் ஊசியால் இரண்டு பக்கமும் கீறினார். வெட்டி, வேறு நீளத்தில் ஒட்டும்போது அந்த இரண்டு கீறலும் ஒரே நேரில் வர வேண்டும். இரண்டு முனையிலும் கிராஸ் என்ற சிலுவை மூட்டைப் பிடிக்கிற காதுகள் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்பதற்காக. அது கொஞ்சம் திரும்பிவிட்டாலும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து அதிரும். பேலன்ஸ் எவ்வளவு பார்த்தாலும் அந்த அதிர்வு போகாது. மெஷினை மட்டும் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால் அந்தக் கோட்டை யார் இழுத்திருப்பார்கள்?

சஸ்பென்ஷன் புஷ் கடைவது, வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கிற ரோல் பாருக்கு உருளைக் குழாய் வளைப்பது, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பேரிங் ஏற்றுவது எல்லாம் இந்த வகைதான். ஸ்பிரிங் கம்ப்ரசரையும் இதில்தான் சேர்ப்பேன். ஆம்னியின் முன்பக்க ஸ்ட்ரட்டில், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணில், சுருள் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிறது. இரண்டு கொக்கி போட்டு இறுக்குகிற சின்ன கம்ப்ரசர் சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு கொக்கி நழுவினால் ஸ்பிரிங் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரட்டை அப்படியே கழற்றி, தினமும் இதைச் செய்கிற மெக்கானிக்கிடம் கொடுப்பது உத்தமம்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியவை. இதில் முதலிடம் ஸ்பேனருக்கு. பக்கத்து வீட்டு பைக் மெக்கானிக்கிடம் 12 நம்பர் ஸ்பேனரை இரவல் வாங்குவது அவர் தட்டிலிருந்து சோற்றை எடுப்பது மாதிரி. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த தடவை நம்மைக் கண்டால் வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவார். ஸ்பேனரையும் பாக்ஸ் ஸ்பேனர் செட்டையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். டபாரியா மாதிரி நம் ஊர் ஹார்டுவேர் கடையில் நிற்கிற பிராண்டே போதும். ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்பது பெரிய வசதி.

வாங்கும்போது இந்த அளவுக் கணக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மாருதி ஜப்பான் முறை வண்டி. அதில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 10, 8-க்கு 12, 10-க்கு 14, 12-க்கு 17. ஆனால் சட்டகத்துக்காக நாம் கடையில் வாங்குகிற போல்ட் வேறு முறை: 8-க்குத் தலை 13, 10-க்கு 17 அல்லது 16, 12-க்கு 19 அல்லது 18. அதனால் 10, 12, 13, 14, 17, 19 ஆகிய ஆறும் தினமும் கையில் புழங்கும். இவற்றை மட்டும் ரிங் ஸ்பேனரிலும் இரண்டு இரண்டாக வாங்குவது நல்லது, தலையை ஒன்றும் நட்டை ஒன்றும் பிடிக்க வேண்டியிருக்கும். பாக்ஸ் வாங்கும்போது ஆறு முனை உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு முனை பாக்ஸ் துருப்பிடித்த போல்ட்டின் மூலையைச் சீவிவிடும். பழைய ஆம்னியில் துருப்பிடிக்காத போல்ட்டைத் தேடத்தான் வேண்டும்.

மரை விஷயத்திலும் இதே வித்தியாசம் உண்டு. வண்டியில் உள்ள 10 போல்ட்டின் மரை 1.25 இடைவெளி. கடையில் கேட்டால் கொடுப்பது 1.5. விரலால் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு வலித்தால் மரை போயிற்று. ஒரு மரை கேஜ் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது, மரை வெட்டுகிற டேப் செட் ஐந்தாறு வாங்குவதைவிடப் பிரயோஜனம். சீட் பெல்ட் போல்ட் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. பெரும்பாலான கார்களில் அது இன்றும் 7/16 அங்குலம், யுஎன்எஃப் என்கிற நெருக்கமான அங்குல மரை. பெல்ட் பிடிக்கிற இடத்துக்கான நட்டை லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்து, சட்டகத்தில் பற்றவைத்துக்கொண்டோம். டேப்பை மட்டும் இரவல் கேட்காதீர்கள். ஓட்டைக்குள் உடைந்தால் டேப்பும் போகும், பாகமும் போகும், உறவும் கசக்கும்.

உயிரை நம்பி ஒப்படைக்கிற சாமான்களையும் இரவல் வாங்கக் கூடாது. வண்டிக்கு அடியில் நிற்கும் ஜாக்கி ஸ்டாண்ட் அதில் முதலாவது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் எண்ணெய் இறங்கி வண்டியும் இறங்கும். செங்கலை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். செங்கல் சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும். ஒரு புள்ளியில் இரும்பு அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான்கு ஸ்டாண்ட் வாங்குங்கள். தன் சக்கரத்தில் நிற்கும் வரை வண்டி அதன் மேல்தான் இருக்கப்போகிறது. எந்த இரவல் ஸ்டாண்டையும் யாரும் அத்தனை காலம் விட்டுவைக்க மாட்டார்கள்.

கிரைண்டர் மெஷினை அவசரத்துக்கு இரவல் வாங்கலாம். ஆனால் டிஸ்க் எப்போதும் நம்முடையதாக, புதிதாக இருக்க வேண்டும். அந்த டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தைக் கூர்ந்து பாருங்கள், காலாவதி மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். ஒட்டுப் பசை பழசாகவும் ஈரம் ஏறவும் டிஸ்க் பலம் இழக்கும். நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று அளவில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் சிதறுகிற துண்டு எங்கே போகும் என்று யோசித்தால் போதும். நான்கு அங்குல மெஷினில் டிஸ்க்கை மூடுகிற கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல டிஸ்க் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவல் மெஷின் கார்டு இல்லாமல் வந்தால், அன்று வெட்டு வேலையை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பது என்று நானும் அத்தானும் பேசி வைத்திருக்கிறோம்.

நட்டை இவ்வளவு விசைக்குத்தான் என்று அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் இரவல் வாங்குகிறார்கள். எஞ்சின் ஹெட் இறுக்குகிற அன்று மட்டும்தானே என்று. உண்மையில் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சக்கரம் என்று எல்லா இடத்துக்கும் அது வேண்டும். அதோடு, இரவல் டார்க் ரெஞ்சில் என்ன கோளாறு என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கீழே விழுந்திருக்கலாம். நட்டைக் கழற்ற நெம்புகோலாக யாராவது அதைப் பயன்படுத்தியிருக்கலாம். அளவை இறக்காமல் இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ‘கிளிக்’ சத்தம் மட்டும் வழக்கம்போல் வரும். அரை அங்குலச் சதுர முனை (டிரைவ்), 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ள ஒன்றை வாங்குங்கள். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள்.

அதை வீட்டிலேயே ஓரளவு சரிபார்க்கவும் முடியும். ரெஞ்சின் சதுர முனையை வைசில் இறுக்கி, கைப்பிடி தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்படி வையுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுப்பகுதி வரை அளவு டேப் வைத்து அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே 15 கிலோ தொங்கவிட்டால் 15 பெருக்கல் 9.81 பெருக்கல் 0.4, அதாவது ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை இதோடு ஒன்றிரண்டு அலகு சேரும். அளவை 54-இல் வைத்துத் தொங்கவிட்டால் கிளிக் ஆக வேண்டும், 68-இல் வைத்தால் ஆகக் கூடாது. நாங்கள் தொங்கவிட்டது, மளிகைக் கடைத் தராசில் எடை போட்ட அரிசிப் பை. சோதனைக் கூடத்துச் சான்றிதழுக்கு இது ஈடு இல்லைதான். ஆனாலும் கெட்டுப்போன ரெஞ்சை இது காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பக்கம் காற்றாலை வேலைக்குப் போகிற பையன்கள் நிறைய. பணகுடி, இராதாபுரம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்கள் கையில் உயர்தர டார்க் கருவிகள் இருக்கும், கேட்டால் கொண்டுவந்து தரவும் தயங்க மாட்டார்கள். கேட்காதீர்கள். அது கம்பெனிச் சொத்து. ஒரு நாள் காணவில்லை என்றால் அந்தப் பையனின் வேலைக்கு ஆபத்து. நம் ஆசைக்கு இன்னொருவருடைய சம்பளத்தைப் பணயம் வைப்பது நியாயம் இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது அனுபவத்தை. போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக எப்படி இறுக்குவது, இறுக்கிய போல்ட்டில் பெயின்ட்டால் கோடு போட்டு அது நகர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அப்படி ஒரு தம்பி எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான். எங்கள் வண்டியின் சஸ்பென்ஷன் போல்ட் எல்லாவற்றிலும் இப்போது மஞ்சள் கோடு இருக்கிறது.

வெல்டிங் மெஷினை வாங்குவதா, வேண்டாமா என்பதற்கு இந்த மண்ணில் காற்றைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் குழாய்க்கு மிக் வெல்டிங் அருமையானது. வயர் தானாக வரும், குழாய் ஓட்டையாகாது. ஆனால் மிக்கில் உருகிய இரும்பை மூடிக் காப்பது வாயு. லேசான காற்றுக்கே அது கலைந்துவிடும், பற்றவைத்த இடம் உள்ளே பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் எங்கள் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை திறந்த கொட்டகையில் மிக் வேலைக்கு ஆகாது. ராடு வெல்டிங்கில் ராடின் மேல் பூச்சே எரிந்து பாதுகாப்புக் கொடுப்பதால் ஓரளவு காற்றைத் தாங்கும்.

அதனால் 200 ஆம்பியர் என்று போட்ட சின்ன இன்வெர்ட்டர் ராடு மெஷினை வாங்கினோம். 6013 வகை 2.5 மில்லிமீட்டர் ராடை 60 ஆம்பியர் பக்கம் வைத்து, துண்டுக் குழாய்களில் நன்றாகப் பழகிய பிறகுதான் சட்டகத்தைத் தொட்டோம். அதிலும் நாங்கள் செய்தது மூலை மூலையாகப் பொட்டு வைத்து நிறுத்துவதும், பாரம் வராத இடங்களை ஒட்டுவதும் மட்டும். சஸ்பென்ஷன் பிராக்கெட், ஸ்டியரிங், சீட் பெல்ட் பிடிக்கிற இடம் ஆகியவற்றைக் காற்று அடங்கிய கார்த்திகை மாதத்தில் மிக் மெஷினோடு ஒரு வெல்டரைக் கொட்டகைக்கு அழைத்துச் செய்தோம். இதுவும் கருவியோடு ஆள் என்ற அதே மூன்றாவது வழிதான். வெல்டர் வருகிற நாளுக்குள் குழாய் முனைகளில் பெயின்ட், துரு, எண்ணெய் எதுவும் இல்லாமல் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால், அவர் நாள் முழுக்க ஒட்டுவது மட்டும் செய்வார். தேய்க்கிற வேலைக்கும் சேர்த்து அவருக்குக் கூலி கொடுப்பது வீண்.

மெஷின் வாங்கும் காசிலேயே வயருக்கும் ஒதுக்குங்கள். 100 ஆம்பியரில் ஒட்டும்போது இந்த மாதிரி மெஷின் வீட்டு மின்சாரத்தில் பதினைந்து ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். வீட்டிலிருந்து கொட்டகைக்கு நீட்டி இழுத்த மெல்லிய வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கி ராடு ஒட்டிக்கொள்ளும். தூரம் கூட என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட வேண்டும். முகக்கவசம், தோல் கையுறை, பருத்திச் சட்டை எல்லாம் சொந்தமாக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரவலுக்கே பிறந்த சாமான் ஒன்று உண்டென்றால் அது கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குகிற செயின் பிளாக். எஞ்சினைக் கழற்ற ஒரு நாள், ஏற்ற ஒரு நாள், இடையில் ஒன்றிரண்டு நாள், அவ்வளவுதான் தேவை. கார் எஞ்சினுக்கென்று கிரேன் தேடி அலைய வேண்டாம். கிணற்றிலும் போர்வெல்லிலும் மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூன்று கால் கம்பியும் ஒரு டன் செயின் பிளாக்கும் அவர்கள் தொழில் சாமான். பங்குனி, சித்திரையில் போய்க் கேட்டால் கிடைக்காது. தண்ணீர் கீழே போகப் போக அவர்களுக்கு ஓய்வே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, கிணறு நிறைந்து, அவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் போய்க் கேளுங்கள். எங்களுக்கு எடுத்துக் கொடுத்த அண்ணாச்சி, “நானும் வாரேன், சங்கிலியை எங்க மாட்டணும்னு பாக்கணும்” என்று கூடவே வந்துவிட்டார். முக்காலியின் கால்கள் ஈர மண்ணில் விரியாமல் இருக்க மூன்றையும் கீழே கயிறால் சுற்றிக் கட்டச் சொன்னதும் அவர்தான். எஞ்சின் மேலே எழும்போது யாரும் அடியில் கை நீட்டக் கூடாது என்று எங்களை ஓர் அதட்டு அதட்டினார்.

மற்றவர்களிடமும் கேட்க ஒரு காலம் உண்டு. டிராக்டர் மெக்கானிக்கிடம் பிசான நெல் அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் எதுவும் கேட்கக் கூடாது. அவர் வீட்டில் சாப்பிடக்கூட நேரம் இல்லாமல் வயலில் நிற்பார். எந்தக் கருவியானாலும் ஆயுத பூஜைக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அன்று எல்லாச் சாமானையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவார்கள். அதில் ஒன்று நம் கொட்டகையில் கிடந்தால் அவருக்கு மனசே ஆறாது. விளக்கு வைத்த பிறகு போய்க் கேட்பதும் வேண்டாம். அந்த நேரத்தில் ஊசிகூடக் கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இரவல் கருவி வருவதற்கு முன் அதற்கான வேலை முழுவதும் தயாராகக் காத்திருக்க வேண்டும். எங்கள் கொட்டகைச் சுவரில் கரும்பலகை ஒன்று உண்டு. செயின் பிளாக் வந்தால் செய்ய வேண்டியவை, கம்பியில் மரை வெட்டுகிற டை செட் வந்தால் செய்ய வேண்டியவை என்று சேர்ந்துகொண்டே போகும். பட்டியல் நிறைந்த பிறகுதான் போய்க் கேட்போம். அதே பலகையில் மறுபக்கம் யாருடைய சாமான், என்றைக்கு வந்தது என்று எழுதியிருக்கும். சொந்த ஸ்பேனர்களின் கழுத்தில் நீலப் பெயின்ட் வளையம் போட்டிருக்கிறோம். பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நிறம் வைத்திருப்பார்கள், நம் நிறம் அவர்களுடையதோடு கலக்கக் கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது துடைத்து, எண்ணெய் தடவி, கொடுத்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும். கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தால் அது எங்கேயோ கிடக்கும், பேர் நமக்கு வரும். டிரில் மெஷின் என்றால் ஒரு புது பிட்டும், கிரைண்டர் என்றால் இரண்டு டிஸ்க்கும் சேர்த்துக் கொடுப்போம். உடைந்தால், “என்ன செய்யட்டும் அண்ணாச்சி” என்று போய் நிற்காமல், அதே பிராண்டில் புதிதாக வாங்கிக்கொண்டு போய்ச் சொல்வதுதான் முறை. என்ன செய்யட்டும் என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த தடவை கொடுக்க மாட்டார்.

பழைய கருவி வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறையை மூடுகிறவர்கள் விற்கிற கனமான சாமான்களை யோசிக்காமல் வாங்கலாம், குறிப்பாக பெஞ்ச் வைஸ். நல்ல பழைய வைஸ் புதிய சல்லிசான வைஸைவிட எப்போதும் மேல். வாங்குமுன் வாயை மெதுவாக மூடி, இரண்டு தாடைக்கும் நடுவே ஒரு காகிதத்தை இடது ஓரம், வலது ஓரம் என்று வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் உருவி வந்தால் தாடை கோணல். சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொட்டையாகக் கேட்டால் வார்ப்பில் விரிசல் இருக்கும். எங்கள் வைஸ் பேட்டைப் பக்கம் மூடிய ஒரு பட்டறையிலிருந்து வந்தது. அதைக் கொட்டகைக்குள் இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மின்சாரக் கருவிகளைப் பழையதாக வாங்குவதில் எனக்கு இஷ்டம் இல்லை. கார்பன் பிரஷ் மாற்றலாம். உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் எரிந்து மறுபடி சுருள் கட்டியதா என்று யார் சொல்வார்கள்?

அடுத்து வயரிங். அதற்கு மல்டிமீட்டரும், வயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பிடிக்கவைக்கிற நல்ல கிரிம்பிங் பிளையரும் வாங்கியாயிற்று. கட்டிங் பிளையரால் நசுக்கிய முனை செம்மண் ரோட்டு அதிர்வில் நாளாக நாளாக லூஸ் ஆகும். ஃபியூஸ் பாக்ஸ் ஆம்னியிலிருந்து அப்படியே வருகிறது. பெயின்ட் அடிக்கக் காற்றுக் கம்ப்ரசர் வேண்டும். டிங்கர் வேலை செய்கிற தம்பி ஒருவர், தை மாதம் பொங்கல் கழிந்து வேலை குறைந்ததும் கம்ப்ரசரோடு தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மேல் தகடு முழுவதையும் ரிவெட் அடித்து, நீர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைக்க வேண்டும். ரிவெட் கன் சொந்தம்.